கோலாவுக்குத் தெரிந்த மொழி

கோவையிலுள்ள, நைஜீரியாவின் இக்போ இனத்தைச் சேர்ந்த பதினான்கு குடும்பத்தாரும் மாதத்தின் முதல் ஞாயிறன்று ஒரு வாடகை மண்டபத்தில் கூடுவார்கள். சொந்த ஊரிலிருந்து வந்த கோலாக் கொட்டையை, அவர்களில் மூத்தவர் இக்போ மொழியில் ஜெபித்து உடைக்க வேண்டும். கோலாவின் காதில் வேறு மொழி ஏறாது என்பது அவர்கள் வழக்கு.

மூத்தவர், இதய மருத்துவர் எமேனிகே. அவர் எந்த மொழியில் பேசினாலும் கொங்குத் தமிழாகவே வெளிவரும்படி மருத்துவமனை ஒரு கருவி கொடுத்திருந்தது. போன மாதம்வரை அது கழுத்துப்பட்டையில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுவார். இப்போது தொண்டைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். மறுத்தால் வேலை போகும், விசாவும் போகும்.

இந்த ஞாயிறன்று, ஜெபமாவது தப்பிவிடும் என்று நம்பிக் கோலாத் தட்டை ஏந்தினார். கண்ணை மூடி, தன் அப்பா சொல்லித்தந்ததைத் தொடங்கினார்.

"சாமி, எல்லாரையும் நல்லா வெச்சுக்கோணுங்க. ஊர்ல இருக்கறவங்களுக்கும் ஒரு கொறையும் வரக்கூடாதுங்க."

'அப்படியே ஆகட்டும்' என்று வழக்கமாக எல்லாரும் சேர்ந்து சொல்லும் 'இசே' எழவில்லை. அவர் கொட்டையை உடைக்காமலே தட்டைக் கீழே வைத்தார்.

கோவையில் பிறந்த அவருடைய ஒன்பது வயது மகள் நெக்கா மட்டும் சிரித்தபடி அருகில் வந்தாள்.

"எப்பவும் ஜெபத்துல நீங்க என்ன சொல்றீங்கன்னே தெரியாம நிப்பேன். இன்னைக்குத்தான்ப்பா புரிஞ்சுது."