சுத்த சைவம்

சத்து மாத்திரை கம்பெனியில் கேப்ஸ்யூல் கூடு வாங்கும் பொறுப்பு தம்பிக்கு. செடியிலிருந்து செய்யும் கூடு வரத் தாமதமானதால், மாட்டுத் தோலிலிருந்து செய்ததை வாங்கிவிட்டான். டப்பாவில் மட்டும் ‘சைவம்’ என்றே அச்சாகியிருந்தது.

சத்துக் குறைவால் கால் மரத்துப்போன அக்காவுக்கும் அதையே கொடுத்தான். அசைவம் சமைத்த பாத்திரத்தைக்கூடத் தொடாதவள் அவள்.

“சுத்த சைவம்க்கா. தைரியமா முழுங்கு.”

ஆறு மாதத்தில் அக்கா நடக்க முடியாமல் விழுந்தாள்.

“இத்தனை மாசம் மாத்திரை போட்டும் ரத்தத்துல சத்து ஏறவே இல்லையே” என்று குழம்பினார் டாக்டர்.

அவர் போனதும், தம்பி கட்டிலருகே உட்கார்ந்தான். அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“அக்கா, அந்தக் கூடு சைவம் இல்ல. உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்.”

“தெரியும்டா. நீ குடுத்த அன்னைக்கே, கூடு பத்தி போன்ல பேசினது காதுல விழுந்துச்சு. ஒண்ணுகூட நான் முழுங்கல.”

“அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமேக்கா?”

அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லணும். அந்தப் பாவம் உனக்கு வேண்டாம்னுதான் விட்டுட்டேன்.”