நிறைந்தால் அழியும்

தொண்ணூற்றொன்பது சதவீதம்.

திரையில் அந்த எண்ணைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மில்லின் கேமராப் பதிவுகள் எல்லாம் இந்த ஒரு சர்வரில்தான். இதைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. இடம் நிறைந்தால் இது யாரையும் கேட்காது. இருப்பதிலேயே பழைய நாளை அழித்துவிட்டு இன்றைய நாளை எழுதிக்கொள்ளும்.

இப்போது இருப்பதிலேயே பழைய நாள், மில்லில் வேலை செய்யும் பேச்சியம்மாளின் விரல்கள் போன நாள்.

வலது கையில் மூன்று. ஆஸ்பத்திரியில் இடது கையால் சோறு அள்ளப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

போன் பேசிக்கொண்டே இயந்திரத்தில் கையை விட்டாள் என்று மேனேஜர் தண்டபாணி எழுதிக் கொடுத்துவிட்டார். பதிவில் போனே இல்லை. இருப்பது பாதுகாப்பு மூடி கழற்றப்பட்ட இயந்திரம். பக்கத்தில் நின்று, கழற்றச் சொல்லிக் கை நீட்டும் தண்டபாணி.

புது டிஸ்க் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். காலையில்கூடத் தண்டபாணியிடம் கேட்டாள்.

"நிறைஞ்சா நிறையட்டும், விடும்மா. பழசு தானா அழிஞ்சிரும்."

சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மனிதர் கஞ்சத்தனம் பண்ணவில்லை. காத்துக்கொண்டிருக்கிறார்.

பாவி.

பென்டிரைவில் எடுத்துப் போகலாம். திருட்டு என்பார்கள். வெட்டி ஒட்டியது என்பார்கள். நாளை தொழிற்சாலை ஆய்வாளர் வரும்போது அது இங்கேயே, இதே பெட்டியில் இருக்க வேண்டும்.

கணக்குப் பிரிவுக்கென்று வந்த டிஸ்க் ஒன்று அலமாரியில் உறை பிரிக்காமல் கிடந்தது. பிரித்தாள். பிரித்தாள் என்ன, கிழித்தாள். ஓடிக்கொண்டிருந்த சர்வரிலேயே செருகினாள்.

வேலை போகும். போகட்டும்.

புது டிஸ்க்கைப் பழையதோடு சேர்த்தாள். பதிவுகள் இருக்கும் பகுதியை அதன் மேல் நீட்டினாள். தட்டிய தட்டில் கீபோர்டு மேஜையில் நகர்ந்தது.

முடிந்தது என்றது திரை.

இடத்தைப் பார்த்தாள்.

அதே தொண்ணூற்றொன்பது.



பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். நிலத்தை வாங்கிவிட்டுப் பட்டா மாற்றாமல் வந்து உட்கார்ந்தால்? பகுதி நீண்டுவிட்டது, உள்ளே இருக்கும் கோப்பு அமைப்புக்கு அதை யாரும் சொல்லவில்லை. எத்தனை முறை செய்த வேலை. ஆத்திரத்தில் விட்டுப்போயிருந்தது.

இன்னொரு கட்டளை வரி. என்டர்.

நாற்பத்தொன்பது.

நாற்காலியில் சாய்ந்தாள்.  

மறுநாள் ஆய்வாளரைத் தண்டபாணியே சர்வர் அறைக்கு அழைத்து வந்தார். முகத்தை எவ்வளவு வருத்தமாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு வருத்தமாக வைத்திருந்தார்.

"அன்னைக்குப் பதிவு அழிஞ்சு போச்சுங்க ஐயா. இடம் பத்தல. வேணும்னா இவங்களையே கேளுங்க."

அவள் ஆய்வாளருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

இன்னொன்றையும் இழுத்தாள்.

"நீங்களும் உக்காருங்க சார்."