மூன்று முறை கூப்பிட்டும்

அவள் நீட்டிய மனுவைக் கோர்ட்டு எழுத்தர் வாங்கினார். பெயரைக் கணினியில் தட்டிப் பார்த்தார். பிறகு மனுவைத் திருப்பி அவளிடமே நீட்டினார்.

“இதை எடுத்துக்க முடியாதுங்க, அம்மிணி.”

ஸ்டாம்பு குறைகிறது போலும் என்று நினைத்தாள். பர்ஸைத் திறந்தாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“முடிஞ்ச கலியாணத்துக்கு மறுக்கா எப்படிங்க மனுப் போடறது? உங்களுக்கு விவாகரத்து ஆயி ஒம்பது வருசம் ஆச்சுங்களே.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அது வேற கலாமணியா இருக்குமுங்க.”

வேறு கலாமணி இல்லை.

கணவன் பெயர் தங்கமுத்து. ஊர் அதே ஊர். திருமணம் நடந்த கோயிலும் அதே கோயில்.

அவள் நகரவில்லை. அவர் எழுந்து உள்ளே போய்ப் பழைய கட்டு ஒன்றை எடுத்து வந்தார். கயிற்றைப் பொறுமையாக அவிழ்த்தார். ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். அவள் குனிந்து படித்தாள்.

எதிர்மனுதாரர் கலாமணி. மூன்று முறை கூப்பிட்டும் ஆஜராகவில்லை. மணமுறிவு வழங்கப்படுகிறது.

“டவாலி வாசல்ல நின்னு மூணு வாட்டி பேரைக் கூப்பிடுவாருங்க. வரலீன்னா, வராமயே முடிச்சுப் போடுவாங்க.”

அன்றைக்குத் தான் எங்கே இருந்தோம் என்று அவள் யோசித்துப் பார்த்தாள்.

பிறந்த வீட்டில்தான் இருந்திருப்பாள். பஸ் ஏறினால் அரை மணி நேரம்.

“எனக்குச் சம்மன் எதுவும் வரலீங்களே.”

“வந்திருக்குதுங்க. வீட்டுல வாங்கியிருக்காங்க, பாருங்க.”

அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

சென்னியப்பன்.

பெயருக்கு அடியில் இரண்டு கோடுகள். அவளுடைய பள்ளி மதிப்பெண் அட்டைகள் எல்லாவற்றிலும் இருந்த அதே இரண்டு கோடுகள்.

அப்பா.

கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று.

ஒவ்வோர் ஆடியிலும் அவள் தாலிக்கயிறு மாற்றினாள். சந்தையிலிருந்து மஞ்சள் கயிறு வாங்கி வந்தவர் அப்பா.

ஒரு வைகாசியில் பால் சொசைட்டி கோவிந்தராசு அவளைப் பெண் கேட்டு வந்தார். முறைப்படி, தம் அக்காவையும் அழைத்துக்கொண்டு வந்தார். “இன்னொருத்தன் பொண்டாட்டியக் கேட்டு வந்திருக்கறீங்களே, நல்லா இருக்குதா?” என்று அப்பா கேட்டார். அவர்கள் தலை குனிந்து போனார்கள். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பிறகு கோவிந்தராசுக்கு வேறு இடத்தில் பெண் அமைந்தது. அந்தக் கல்யாணப் பந்தியில் அவள் ரசம் ஊற்றினாள்.

அதற்கெல்லாம் முன்பே இந்தக் கையெழுத்து இந்தக் கட்டுக்குள் இருந்திருக்கிறது.

“நகல் கேட்டு ஒரு மனு எழுதிக் கொடுங்க, போதும். புதுசா எதுவும் போட வேண்டியதில்லீங்க,” என்றார் எழுத்தர். நல்ல மனிதர். அவள் முகத்தைப் பார்க்காமல் கயிற்றைக் கட்டினார்.

அவள் நன்றி சொன்னாள். சொன்னதாகத்தான் நினைவு.

வெளியே வராந்தா. கடைசி பெஞ்சில், இவளுக்கு முதுகைக் காட்டி, அப்பா உட்கார்ந்திருந்தார். அவளுடைய சாப்பாட்டுப் பையை மடியில் வைத்திருந்தார்.

காலையில் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே அவர் சொன்னது இப்போது காதில் விழுந்தது.

“கோர்ட்டு கூப்பிட்டாப் போகாம இருந்துக்கோணும், கண்ணு. போனாத்தான் கேசு. போகலீன்னாக் கேசே இல்ல. நாமளாப் போயி எதுக்கு நிக்கோணும்?”

வயதானவரின் பயம் என்று அப்போது எண்ணினாள்.

பயம் இல்லை. நம்பிக்கை. மகளின் தாலியைத் தாம் ஒருவராகவே காப்பாற்றிவிட்டதாக அவர் இந்த நிமிடம் வரை நம்பிக்கொண்டிருக்கிறார்.

சிவப்புப் பட்டை அணிந்த டவாலி வாசலுக்கு வந்தார். யாரோ ஒருவரின் பெயரைக் கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார். மூன்றாம் முறையும் கூப்பிட்டுவிட்டு, யாரும் வராததால் உள்ளே போனார்.

இவ்வளவுதான். தனக்கு நடந்ததும் இவ்வளவுதான்.

அவள் அந்த வாசலில் போய் நின்றாள்.

அப்பா என்று அழைக்கத்தான் வாயெடுத்தாள். அந்தச் சொல் வரவில்லை.

அவரைப் பெயர் சொல்லி அவள் கூப்பிட்டதே இல்லை. அந்த ஊரில் எந்த மகளும் கூப்பிட்டதில்லை.

“சென்னியப்பன்.”

வராந்தாவில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் திரும்பவில்லை. மடியில் இருந்த பையை மட்டும் இறுகப் பிடித்தார்.

“சென்னியப்பன்.”

கேட்டுவிட்டது. முதுகு விறைத்தது. கழுத்து இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது.

அவர் எழவில்லை.

மூன்றாம் முறைக்காக அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள்.