ராஜா கலைத்த பெரட்டு

ரிட்டயரான தேயிலைத் தோட்டத்து வாச்சர் கந்தப்பன், அன்று காலையில் மட்டும் மூன்று ராஜாக்களைப் பெற்று, வளர்த்து, யுத்தத்தில் சாகவும் கொடுத்துவிட்டார்.

"மூணாவது ராஜாதாங்க சேர் இந்தக் கோட்டையக் கட்டுனது."

கோட்டையைச் சோதிக்கக் கொழும்பிலிருந்து வந்த அதிகாரி ஜீவராஜ், சுவரைச் சுரண்டினார்.

"இது சிமெந்து அல்லவா?"

"ராஜா காலத்துச் சிமெந்துங்க."

மடுல்சீமை மலையுச்சியில் நிற்கும் அந்த இடிந்த சுவர்கள், வெள்ளைக்காரத் தொரை ஒருவரின் பழைய பங்களா. தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பங்களாவுக்கு யார் ரோடு போடுவார்கள்?

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து நோயாளியைக் கம்பளியில் கட்டி மூன்று மைல் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம் என்று பதினோரு பெட்டிஷன் போட்டும் பதில் இல்லை. 'மலைமேல் ராஜா கோட்டை இருக்கிறது' என்று கந்தப்பன் ஒரே ஒரு கடிதம் போட்டார். பத்தாம் நாள் அதிகாரியின் ஜீப் வந்து பாதி வழியில் சேற்றில் புதைந்து நின்றது.

இந்த அதிகாரி "கோட்டைதான்" என்று எழுதிவிட்டால் போதும். லயத்தைத் தொட்டுக்கொண்டு ரோடு வரும்.

"இந்தத் தொட்டி?"

"ராணி குளிச்சதுங்க."

"பைப் இருக்கிறதே?"

"ராணியாச்சே சேர், வாளியில மொண்டா ஊத்திக்குவாங்க?"

அதிகாரி சிரிக்கவில்லை. "இந்த முற்றம்?"

கந்தப்பனுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. "இங்கதாங்க ராஜா தெனமும் காலைல ஆறு மணிக்கு நின்னு, மந்திரிக்கு ஒரு வேல, தளபதிக்கு ஒரு வேலன்னு பெரட்டு கலைச்சாரு!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். தோட்டத்து ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்புவதல்லவா பெரட்டு! எந்த ராஜா பெரட்டு கலைத்தான்?

அதிகாரியின் பேனா நின்றது.

"பொய்க்கும் ஓர் அளவு உண்டு, பெரியவரே. அரசாங்கத்தை ஏமாற்றுவது குற்றம், தெரியுமா?"

கந்தப்பன் பேனா நின்ற இடத்தை எட்டிப் பார்த்தார். "எழுதிட்டீங்களா சேர்?"

"எழுதிவிட்டேன்." ஜீவராஜ் வாசித்தார்: "மிகப் புராதனமான கோட்டை. பாதை உடனடியாகத் தேவை."

கந்தப்பன் வாயைப் பிளந்தார். அதிகாரி சுற்றிலும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். கொழும்புத் தமிழ் எங்கேயோ ஓடிப்போயிருந்தது.

"அடுத்த ஆபீசர் வந்தா பெரட்டுன்னு ஒளறி வைக்காதீங்க மாமா, அரசவைன்னு சொல்லுங்க. லுணுகலைப் பக்கம் எங்க லயத்துக்கு ரோடு எப்படி வந்துச்சுன்னு நெனைக்கிறீங்க? அங்க மலைமேல இருக்கிற கோட்டையக் கட்டுன ராஜாவே நான்தான்!"