ஐந்தாவது வெள்ளி

டீச்சர் நாலு நட்சத்திரம்தான் வரைந்திருந்தாள்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பலகையில் எத்தனை இருந்தால் அவனுக்கு என்ன?

கிறிஸ்மஸ் தீவு அகதித் தடுப்பு முகாமில் இன்றைய பாடம், அந்தத் தீவின் கொடி. டீச்சர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல் கூடாமல் குறையாமல் தமிழில் சொன்னார்.

பச்சை, நிலம். நீலம், கடல். நடுவில் மஞ்சள் வட்டத்துக்குள் தீவு. மேலே பறப்பது இந்தத் தீவின் பொன்னிறப் பறவை. நீலத்தில் இருப்பது தென்சிலுவை நட்சத்திரக் கூட்டம்.

வள்ளத்தில் வந்த ஆண்கள் எல்லோரும் குனிந்து வர்ணம் தீட்டினார்கள். கட்டை மீசையும் கலர் பென்சிலுமாக. கடவுளே, இதையும் பார்க்க வேண்டியிருந்தது.

கதவருகே, வழக்கம்போல, கோப்போடு ஓர் அதிகாரி.

ஏழு மாதமாக அவர்கள் கேட்பது ஒரே கேள்வி. வள்ளத்தை ஓட்டியது யார்?

எல்லோரிடமும் ஒரே பதில். ஓட்டி நடுக்கடலில் வேறு வள்ளத்தில் ஏறிப் போய்விட்டான்.

அதில் பொய் இல்லை. மூன்றாம் நாளே அவன் தப்பிவிட்டான், பாவி. அதற்குப் பிறகு சுக்கானைப் பிடித்தது யார் என்பதைத்தான் ஒருவரும் சொல்லவில்லை. பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். கடல் தெரிந்தவன் இவன் ஒருவன்தான்.

தெரியவந்தால் ஆட்கடத்தல் என்று சிறை. சிறை முடிந்தால் ஊர். ஊரில் இவனைக் கேட்டு யார் யாரோ வீட்டுக்கு வந்து போகிறார்கள். தொலைபேசியில் மனைவி அதைச் சொல்லி முடிப்பதில்லை, அழுதுவிடுகிறாள்.

“நுணலும் தன் வாயால கெடும், அண்ணை” என்று பக்கத்துக் கட்டில் நேசராசா தினமும் சொல்லுவான்.

வாயைக் கட்டிவிட்டான். கையைக் கட்ட முடியவில்லை.

மறுபடி பார்த்தான். நாலு.

எழுந்து பலகைக்குப் போனான். சோக்கை எடுத்தான். சிலுவையின் உள்ளே, சற்றுக் கீழே, சின்னதாக ஒன்று வைத்தான்.

ஏழு மாதத்தில் முதல் தடவையாக அவனுக்குச் சந்தோசமாக இருந்தது.

“இந்தச் சின்ன வெள்ளி மங்கினால் மூட்டம் வருகுதெண்டு அர்த்தம். பதினைஞ்சு நாளும் இதை வலக்கன்னத்தில பிடிச்சுத்தான் வள்ளத்தைக் கொண்டந்தனான்.”

சொன்ன பிறகுதான் தன் குரல் அவனுக்கே கேட்டது.

நேசராசா கண்ணை மூடிக்கொண்டான்.

டீச்சர் கைதட்டினாள். நல்லவள். என்ன சொன்னான் என்று ஆசையோடு மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்னொரு முறையும் துடைத்தார். அவன் கையெடுத்துக் கும்பிடவில்லை. கும்பிட்டால் அதிகாரி பார்த்துவிடுவார்.

மொழிபெயர்ப்பாளர் இங்கிலீஷில் தொடங்கினார்.

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. போன கிழமைப் பாடம் எண்கள். அதனால் ஒரு சொல் மட்டும் விளங்கியது.

ஃபிஃப்டீன்.

கதவருகே கோப்பு திறந்தது.