ஞாயிற்றுக்கிழமை சவாரி

ஹெல்மெட் பாதித் தலையோடு நின்றுவிட்டது. முடியெல்லாம் உதிர்ந்த பிறகும் அது எப்படிப் பத்தாமல் போகும் என்று கண்ணாடிக்கடைக்காரருக்கு விளங்கவில்லை. இரண்டு காதையும் மடக்கி உள்ளே தள்ளி, ஒரு வழியாக மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

மகள் பிறந்த வருடம் ஓரங்கட்டிய மோட்டார் சைக்கிள். இப்போது அவள் கல்லூரிக்குப் போகிறாள். "மறுபடி வண்டியை எடுக்கப் போறேன்" என்று மூக்குக்கண்ணாடி வாங்க வந்தவர்களிடமெல்லாம் அவர் மார்தட்டாத நாளில்லை. மனைவி "வேண்டாங்க" என்று தடுக்கத் தடுக்க, அவர் குரல் இன்னும் உயரும்.

போன வாரம் அவள் திடீரென்று, "சரி, வர்ற ஞாயித்துக்கிழமை எடுங்க" என்று சொல்லிவிட்டாள். மெக்கானிக்கும் வண்டியைச் சரிபார்த்து நேற்றே கொண்டுவந்து நிறுத்திவிட்டான். விடிந்ததும் மனைவி அதைப் பளபளவென்று துடைத்தும் வைத்திருந்தாள்.

"அப்பா, கொஞ்சம் சிரிங்க! வீடியோ எடுக்கறேன்" என்றாள் மகள்.

"தள்ளி நில்லும்மா. பழைய வேகம் வந்துடுச்சுன்னா என்னையே என்னால பிடிக்க முடியாது."

உதைத்தார். மறுபடி உதைத்தார். வியர்த்துக் கொட்டியதுதான் மிச்சம், வண்டி முனகக்கூட இல்லை.

"அந்த மெக்கானிக்கை இன்னிக்கு உண்டு இல்லைன்னு ஆக்கிடறேன்!" என்று தெருவே கேட்கும்படி கத்திவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார்.

பட்டறைக்குள் நுழைந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. மெக்கானிக்கின் எண்ணெய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மானத்தைக் காப்பாத்திட்டப்பா! சொன்ன மாதிரியே கிளம்பாமப் பண்ணிட்டே. ஒருத்தருக்கும் துளி சந்தேகம் வரலை."

மெக்கானிக் விழித்தான். "நான் ஒண்ணும் பண்ணலையே சார். நல்லா ஓடற வண்டியைக் கெடுக்கக் கை வரலை. அதைச் சொல்லவும் உங்ககிட்ட வாய் வரலை."

"அப்புறம் ஏன்ப்பா கிளம்பலை?"

மெக்கானிக் குனிந்து ஸ்பார்க் பிளக்கின் மூடியை இழுத்தான். உள்ளே, மின்பொறி வராதபடி ஒரு துணி மடித்து அடைக்கப்பட்டிருந்தது. மெத்தென்று, கைக்கு அடக்கமான துணி. கண்ணாடி துடைக்கக் கொடுப்பது. மூலையில் அவர் கடையின் பெயரே இருந்தது.

"எடுத்துட்டேன் சார். இனிமே ஓட்டிட்டே போகலாம்."

அவர் தள்ளிக்கொண்டே வீடு திரும்பினார்.

சமையலறையில் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். துணியை அவள் எதிரே வைத்தார். அவள் நிமிரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

"நீதானா?"

"பின்ன? மக எதிர்ல உங்களை விட்டுக்கொடுக்கச் சொல்றீங்களா?"

"எனக்குப் பயம்னு உனக்கு யாரு சொன்னா?" என்றார். கத்தத்தான் நினைத்தார், குரல் எழும்பவில்லை.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு வாரமா தூக்கத்துல என் காலை மிதிச்சு மிதிச்சு பிரேக் போடறது யாராம்?"