சுத்தமான ஏரி

டீ ஆறுவதற்குள் லிஃப்ட் மெக்கானிக் எண்பதடிப் புகைபோக்கி ஒன்றை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார். அடுத்தது குப்பைமேடு. கரை நெடுகப் புகைந்துகொண்டு கிடந்த அது கொஞ்சம் அடம் பிடித்தது. ஒன்றரை மணி நேரத்தில் அதையும் வழித்தெடுத்து, அங்கே புல் விரித்து, ஏரித் தண்ணீரின் கறுப்பை நீலமாக்கி, நாலு கொக்குகளையும் இறக்கிவிட்டார்.

எல்லாம் கம்ப்யூட்டர் திரையில்தான்.

வாரம் முழுக்க இருட்டுக் குழிக்குள் கம்பிக் கயிற்றை அண்ணாந்து பார்க்கிற மனிதர். ஞாயிறு விடிந்தால் கேமராவோடு வெட்டவெளிக்கு ஓடுவார். எடுத்த படத்தை இப்படிச் ‘சுத்தம்’ செய்து, இணையத்தில் படம் விற்கிற தளம் ஒன்றில் ஏற்றுவார். யாராவது வாங்கினால் சில்லறை விழும். மூன்று வருடச் சில்லறையில் கேமராவுக்கு ஒரு மூடி வாங்கினார். அதுவும் தொலைந்துவிட்டது.

அவர் மனைவி கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவர். ஊரார் கண்ணில் உள்ள குறையையெல்லாம் கண்டுபிடிப்பார். வீட்டுக்காரரின் படங்களை மட்டும் பார்க்க மாட்டார். ஒரே மேகத்தை இருநூறு கோணத்தில் காட்டி அவரை உட்கார வைத்த அன்றோடு அந்தப் பழக்கம் நின்றது.

பத்து நாள் கழித்து மெக்கானிக் போனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடி வந்தார்.

“ஏரிப் படம் வித்துடுச்சு! எவனோ பெரிய கம்பெனிக்காரன், விளம்பரத்துக்குன்னு முழு உரிமையோட வாங்கியிருக்கான்!”

“அப்ப நாளைலேர்ந்து நானும் வேலைக்குப் போகல. எங்க வீட்டுக்காரர் தண்ணி வித்தே குடும்பத்தக் காப்பாத்துறாருன்னு கடைல சொல்லிடுறேன்.”

“படத்தையாவது ஒரு தடவ பாரேன்!”

“பாத்தா அதுக்கும் காசு குடுப்பாங்களா?”

மெக்கானிக்கின் முகம் தொங்கிப் போனது. திரும்பிப் போய் அடுத்த படத்தில் ஒரு மின்கம்பத்தை அழிக்க உட்கார்ந்தார்.

இரண்டு மாதம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு மலைக்கு மேல் சூரியனை நகர்த்திக்கொண்டிருந்தபோது, மனைவி ஒரு கட்டுக் காகிதத்தை விசைப்பலகை மேல் வைத்தார்.

“மனை விஷயம். படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க.”

“நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்.”

சூரியன் மேல் வைத்த கண்ணை எடுக்காமலே ஒன்பது இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை மனைவி வீட்டுக்குள் நுழைந்தபோது முகம் பளபளவென்று இருந்தது. செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

“பணம் கட்டியாச்சுங்க, மொத்தமும்! பன்னெண்டு வருஷமா வாயக் கட்டி வயித்தக் கட்டிச் சேத்தது. இனிமே நாமளே நினைச்சாலும் திரும்ப வாங்க முடியாது. நமக்குன்னு ஒரு இடம்!”

“எந்தப் பக்கம்?”

“எந்தப் பக்கமா? கையெழுத்துப் போட்டவரு கேக்குற கேள்வியப் பாரு!” என்று பையிலிருந்து வழவழப்பான விளம்பர நோட்டீஸ் ஒன்றை எடுத்து விரித்தார். “இங்க பாருங்க. போட்டோன்னா இது! எடுத்தவன் கைக்குத் தங்கக் காப்புப் போடலாம். நீங்களும் மூணு வருஷமா வானத்தையே வெறிச்சுப் பாக்குறீங்க, இப்படி ஒண்ணாவது வந்திருக்கா?”

நோட்டீஸிலிருந்து நாலு கொக்குகள் மெக்கானிக்கைப் பார்த்தன.

முதலில் அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் மனைவி வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. மறு நொடியே அந்தப் பெருமை கயிறு அறுந்த லிஃப்ட் மாதிரி சர்ரென்று கீழே இறங்கியது.

“நேர்ல போய்ப் பாத்தியா?”

“வண்டி அனுப்புறேன்னாங்க. எனக்குத்தான் லீவு கிடைக்கல. போட்டோவே இவ்வளவு தெளிவா இருக்கப்ப நேர்ல வேற எதுக்கு?”

“இந்தப் படத்த எடுத்தது நான்தான்.”

“ஆமா, ஏரிய வெட்டுனதும் நீங்கதான்.”

மெக்கானிக் மனைவியின் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். கேமராவிலிருந்து இறக்கியபடியே வைத்திருந்த பழைய படத்தைத் திறந்தார். கறுத்த தண்ணீர், புகைபோக்கி, கரை முழுக்க எரியும் குப்பை. அதற்கு நடுவே எதையோ கடித்து இழுக்கிற இரண்டு நாய்கள்.

மனைவி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கடையில் எழுத்துப் பலகையைப் படிக்க வைப்பது போல, திரையை ஒரு வரி, நோட்டீஸை ஒரு வரி என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். ஏரிக்குப் பின்னால் அதே மலை. அதே வளைவு. அதே கரை.

மெக்கானிக் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுதால் எப்படித் தேற்றுவது, மயங்கி விழுந்தால் எந்தப் பக்கம் தாங்குவது என்று கூட யோசித்துவிட்டார்.

மனைவி கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கித்தான் இருந்தது. உதடு துடித்தது.

“பொறாமையா இருந்தா வாய மூடிட்டு இருங்க. அதுக்காக, என் வீட்டு வாசல்ல குப்பையக் கொட்டி வெக்க உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு?”